நாலு அங்குல உயரம்

உள்ளறையில் எதுவோ தொப்பென்று விழுந்தது.

“பத்மினி?” கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் கோவர்த்தனன்.

“ஒண்ணுமில்ல, டப்பா விழுந்துச்சு,” என்றாள் மனைவி.

மெக்கானிக் தணிகாசலம் டீயை உறிஞ்சிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். “ஜீப்ப நாலு அங்குலம் தூக்கிட்டா அடியில பாறை இடிக்காதுண்ணா. லோடு ஏத்திக்கினு ஜம்முனு எறங்கலாம். அண்ணிக்காகக் கீழ இன்னொரு படி கேக்கறியே, அது ஆவாது. மொத கல்லுலயே பேத்துக்கினு பூடும்.”

புத்தலப்பட்டுக்கு மேற்கே குன்றின் மேலிருக்கும் கோவர்த்தனனின் மாந்தோப்புக்கு அந்தப் பழைய ஜீப்தான் ஏறும். போன மழை பாதையை அரித்துவிட்டது. வெறும் வண்டி உரசி உரசிப் போய்விடும். காய் பாரத்தோடு இறங்காது. உயர்த்தினால் விளைச்சல் சித்தூர் மாங்கூழ் ஆலைக்குப் போகும். பத்மினியால்தான் வண்டியில் ஏற முடியாது.

பக்கவாதத்தில் திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து, வலது காலை இழுத்துக்கொண்டு திரும்பியவள் அவள். இருபத்திரண்டு வருஷமாக முதல் காயை அவள் மடியில் போட்ட பிறகுதான் அடுத்த கிளையில் கை வைப்பார்கள். நாக்கு புரளாமல் படுக்கையில் அவள் கேட்ட முதல் வார்த்தையே “தோப்பு?” என்பதுதான்.

மறுபடியும் அதே சத்தம். கோவர்த்தனன் உள்ளே ஓடினார். காய் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்று சாய்ந்து கிடந்தது. பக்கத்தில், முழங்கை சிராய்த்து, தரையில் பத்மினி.

“இன்னா பண்ணிக்கினு இருக்கே?”

“ஏறிப் பாத்தேன்.”

“இது ஜீப்புல இப்ப இருக்கிற படி ஒசரம்தானே?” என்று கிரேட்டைக் காட்டினார்.

“அதேதான். நேத்தும் பாத்தேன், முந்தாநாளும் பாத்தேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஏற முடியாத வண்டி எவ்ளோ ஒசரம் இருந்தா எனக்கு இன்னா? தூக்கச் சொல்லுங்க.”

“நான் ஒன்னைத் தூக்கி உக்கார வெக்கிறேன்.”

“தூக்கி ஏத்தறதுக்கு நான் இன்னும் காய் மூட்டை ஆவல.” பாதி உதட்டால் சிரிக்கப் பார்த்தாள். கண்தான் நிரம்பியது.

அவளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

“தூக்கிடு தணிகா.”

எல்லாவற்றையும் கேட்டிருந்த தணிகாசலம் தலை நிமிரவில்லை. “யோசிச்சு சொல்லுண்ணா.”

“வெள்ளிக்கெழமை காய் பறிக்கணும்,” என்று சாவியை நீட்டினார்.

“வர்றேன் அண்ணி,” என்றான் அவன், உள்ளறைப் பக்கம் பார்த்து.

“வண்டியப் பாத்துக்கோப்பா.”

அவன் வாசல் இறங்கினான். ஜீப் கிளம்பும் சத்தம் அவள் காதில் விழக்கூடாதென்று கோவர்த்தனன் அவசரமாகக் கதவைச் சாத்தினார்.