முந்திரிக் கிளைகளுக்கு அடியில்

நெய்வேலி பஜாரில் ஜெயப்பிரகாஷ் நடத்திவந்த ஸ்டுடியோவில் பதினோரு வருடம் கல்யாண ஆல்பம் செய்தவள் ஆதிலட்சுமி. ட்ரோன் ஓட்டிக்கொண்டிருந்தவன் சென்னைக்கு வேலை மாறிப் போனதும், "நான் கத்துக்கிறேன் சார்" என்று ரிமோட்டைக் கேட்டு வாங்கினாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. விடிகாலையில் மரங்கள் அடர்ந்த இடமாகப் பார்த்துப் போய்ப் பழகினாள். இறக்கைகள் உடைந்தன, மாற்றினாள். மற்றவர்கள் மரங்களுக்கு மேலே பறக்கவிடுவார்கள். அவள் கிளைகளுக்கு நடுவே விடுவாள். மாப்பிள்ளை, பெண் வீட்டார் அதற்காகவே அவளைக் கேட்டு வந்தார்கள்.

போன மே மாதம் வடலூர் பக்கத்து முந்திரித் தோப்பு ஒன்றில் ஒரு ஜோடியைப் படம்பிடித்து முடித்து, சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயும் நேரம். பெரியவர் ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். தனகோட்டி என்று பெயர்.

"எங்கூட்டுக்காரி பட்டம்மாள், காலைல வெறகு பொறுக்க வந்தவ. இன்னும் வூடு வந்து சேரல. கத்திகினே சுத்தறோம், சத்தமே இல்ல. இந்தப் பறக்கற மிஷின் மேலேந்து பாத்தா தெரியுமாம்மா?"

பேட்டரி ஒன்றுதான் மிச்சம். பதினைந்து நிமிடம் தாங்கும்.

"மேல ஒரு ரவுண்டு பாரு, போதும். கீழ எறக்காத. கிளைல மாட்டினா மிஷினே போச்சு" என்றார் ஜெயப்பிரகாஷ்.

மேலே ஏற்றினாள். திரை முழுக்கப் பச்சைதான். முந்திரி மரம் தரைவரைக்கும் கவிந்து கிடக்கும். அடியில் யானை நின்றாலும் தெரியாது. ஆதிலட்சுமி முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. தடையைக் கண்டால் தானே நின்றுகொள்ளும் வசதியை அணைத்தாள். அது இருந்தால் அந்தத் தோப்பில் அடிக்கு அடி நிற்கும். இடுப்பு உயரத்துக்கு இறக்கி, மரங்களுக்கு அடியில் நுழைத்தாள்.

கிளை, இடைவெளி, மறுபடி கிளை. இலை உரசும்போதெல்லாம் படம் குலுங்கியது. தோளருகே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தனகோட்டி திடீரென்று கத்தினார்.

"அதோ கட்டு! அது என் லுங்கிம்மா, அதுலதான் வெறகு கட்டுவா!"

கட்டைத் தாண்டி, மழைநீர் அரித்த பள்ளம் ஒன்று. உள்ளே பட்டம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரைச்சல் கேட்டு நிமிர்ந்தாள். கண்கள் விரிந்தன. பக்கத்தில் கிடந்த கழியை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டாள்.

திரை கறுத்துப்போனது.

"அடிக்கிறா பாருங்க!" தனகோட்டி சிரித்தார், அந்தச் சிரிப்பிலேயே அழுதார். "உசுரோடதான் இருக்கா!"

படம் போனாலும், ட்ரோன் விழுந்த இடம் ரிமோட்டின் வரைபடத்தில் புள்ளியாக நின்றது. அதை வைத்துப் போய் அவளைத் தூக்கிவந்தார்கள். கணுக்கால் முறிந்திருந்தது; கத்திக் கத்தித் தொண்டையும் கட்டியிருந்தது. ட்ரோனின் துண்டுகளை ஆதிலட்சுமி துப்பட்டாவில் பொறுக்கிக்கொண்டாள்.

உள்ளே இருந்த மெமரி கார்டு மட்டும் பிழைத்தது. ஜெயப்பிரகாஷ் அந்தக் காட்சியைப் பார்த்ததும் கோபத்தை மறந்தார். "நம்ம பேர் போட்டு இன்ஸ்டால விடுவோம். ஊரே பாக்கும்."

மூன்றாம் நாள், அது இன்ஸ்டாவில் ஏறும் முன்பே, ஆதிலட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பட்டம்மாளிடம் செல்போனில் அதைப் போட்டுக் காட்டினாள்.

"பெரிய குளவின்னு நெனச்சிகினு அடிச்சிட்டேன் கண்ணு."

"நல்லாத்தான் அடிச்சீங்க."

பட்டம்மாள் சிரித்தாள். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தவள், பிறகு சிரிக்கவில்லை. திரையில் அவள் மாராப்பு விலகி, முகமெல்லாம் மண்ணும் கண்ணீருமாக இருந்தாள்.

"இத நாலு பேர் பாக்க வேணாம்மா."

ஆதிலட்சுமி அவள் கண்முன்னாலேயே அழித்தாள். கார்டிலிருந்ததையும் ஸ்டுடியோவுக்கு வந்து அழித்தாள்.

ஜெயப்பிரகாஷ் ஒரு வாரம் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் ட்ரோன் படம் போட்ட ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"பண்ருட்டில கல்யாணம். காலைல ஆறு மணிக்கு வண்டி வந்துடும், ரெடியா இரு" என்றார்.