ஜில்லென்று ஆகும் உலோகம்

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய மீன்காரி நான். விஞ்ஞானத்தைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. பிழை இருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரக்காணம் உப்பளக் காற்றில் ஓர் உலோகம் எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்கப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான ஆள். மூக்குக்கண்ணாடியில் உப்புப் பூத்திருக்கும். எதைச் சொன்னாலும் "தியரிப்படி" என்றுதான் தொடங்குவார்.

அன்று ஐஸ் வண்டி வரவில்லை. என் கடையில் ஒரு பெட்டி சங்கரா மீன், வெயில் ஏற ஏறக் கண் வெளுத்துக்கொண்டிருந்தது. நிழலுக்கு ஒதுங்கிய பேராசிரியர் பையிலிருந்து அந்த உலோகத்தில் சுண்டுவிரல் அளவு துண்டு ஒன்றை எடுத்தார்.

"தியரிப்படி, மூணு தனிமத்த அளவா சேத்து உருக்கினதும்மா இது. காந்தத்துக்குள்ள வச்சா சூடாவும். அந்தச் சூட்ட வெளியேத்திட்டு காந்தத்த எடுத்தா ஜில்லுனு ஆயிடும். கேஸே இல்லாம ஃப்ரிட்ஜ் செய்யலாம்."

"இந்தப் பெட்டிக்கு ஆவுமா சார்?"

"தியரிப்படி ஆவும்."

"எப்ப சார்?"

கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு இருவது வருஷம்..."

"மீனு மத்தியானம் வரைக்குந்தான் சார் தாங்கும். உப்பு வச்சு கருவாடாக்கிட வேண்டியதுதான்."

அவர் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்தார்.

"எத்தன கிராம் உப்பும்மா?"

"கை நெறைய அள்ளுங்க சார்."

நான் மீனைக் கீறக் கீற அவர் உப்பு அடைத்தார். பெட்டி முழுவதும் கருவாட்டுக்குத் தயாரானது. அவ்வளவு படித்தவர் ஏன் அப்படி உட்கார்ந்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஐஸ் வண்டி வந்தது. முதல் ஆளாக வந்து அவர் இரண்டு பாளம் வாங்கிப் போனார். எங்கள் ஊர் வெயிலில் அந்த உலோகம் வேலை செய்ய, முதலில் அதை ஐஸில் வைக்க வேண்டுமாம்.