டிக் சத்தத்தை விழுங்க ஒரு மாதம்

பேஸ் கிடார்காரன் ஒழுங்காக வாசிக்கும்வரை அவன் மேடையில் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு நோட்டு தள்ளி விழுந்தால் போதும், பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

நாலு கம்பியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் என் இனத்தாரே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கீபோர்டுக்காரர்கள் வேண்டுமானால் ஓரமாக நின்று படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளட்டும். எனக்கு ஊர் நகரி. வீட்டில் நாலு பவர்லூம் தறி, அதை ஓட்டுவது என் மனைவி கோமளா. நான் சித்தூரில் ஒரு கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் பத்தொன்பது வருஷமாக பேஸ் வாசிக்கிறேன். அந்த இடம் ஒரே மாதத்தில் கையைவிட்டுப் போக இருந்த கதை இது.

ஒரு பட்டன்தான்

எங்கள் ட்ரூப் லீடர் ரமணண்ணா. வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் ரெண்டும் கலந்து வரும். ஒருநாள் ரிகர்சலுக்கு லேப்டாப்போடு வந்தார். இனிமேல் வயலின், புல்லாங்குழல், கோரஸ் எல்லாம் அதிலிருந்து வருமாம். அதோடு பிசகாமல் சேர்ந்து வாசிக்க ஆளுக்கு ஒரு இயர்போன். காதுக்குள் மெட்ரோனோம், டிக் டிக் டிக் என்று.

எங்கள் ரிகர்சல் ரூம் ஒரு டைலர் கடைக்கு மேலே இருக்கிறது. ஒரே ஒரு குண்டு பல்பு, ஜன்னல் கிடையாது. முதல் பாட்டில் பல்லவி நன்றாகத்தான் போனது. சரணத்தில் பார்த்தால் டிக் எனக்கு முன்னால் ஓடுகிறது, நான் செருப்பறுந்தவன் மாதிரி பின்னால் போகிறேன். "டிக் வேகமாயிடுச்சுண்ணா" என்றேன். கம்ப்யூட்டர் டிக் எப்படி வேகமாகும்? யாராவது சிரித்திருந்தால் தேவலை. டிரம்ஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மூணு பாட்டு வாசித்தோம், மூணிலும் அதே கதை. ரமணண்ணா லேப்டாப்பை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"தாமு, திருப்பதி ரிசப்ஷனுக்கு ஒரு மாசம் டைம் உந்தி. அதுக்குள்ள செட்டாகு. லேதன்டே பேஸையும் லேப்டாப்புலயே போட்டுடுவேன். ஒரு பட்டன்தான், அந்தே."

பஸ்ஸில் ஒரு வைத்தியம்

டிக்கோடு சேர வேண்டுமானால் முதலில் விரல் சொன்ன பேச்சு கேட்க வேண்டும். அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது, நீங்களும் அழுதுகொண்டே செய்திருப்பீர்கள். கிடார் கழுத்தில் அடுத்தடுத்த நாலு கட்டத்தில் நாலு விரல்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒவ்வொரு கம்பியாக ஏறி, அப்படியே இறங்க வேண்டும். அது பழகினதும் ஒண்ணு, மூணு, ரெண்டு, நாலு. என் சுண்டுவிரலுக்கும் என்னைப் போலவே நாற்பத்திரண்டு வயது. வேலைக்குக் கூப்பிட்டால் முறைக்கிறது. நின்றால் நடந்தால் அதே ஞாபகம். ஒரு மாதத்தில் எட்டு நாள் ஓடிவிட்டது.

புதுக் கம்பி வாங்கத் திருப்பதிக்கு பஸ் ஏறினேன். காதில் இயர்போன், அதில் நிமிஷத்துக்கு அறுபது டிக். வலது முன்கையைக் கிடார் கழுத்தாக வைத்துக்கொண்டு இடது கை விரல்களால் அழுத்திக்கொண்டே வந்தேன். வாய் தன்னால் "ஒண்ணு மூணு ரெண்டு நாலு" என்று முணுமுணுத்திருக்கிறது. பக்கத்து சீட்டில் மடியில் பூக்கூடையோடு ஒரு அம்மா. ரொம்ப நேரம் என் விரலையே பார்த்துவிட்டு, "எத்தினி நாளா இப்டி இஸ்துக்கினு கீது?" என்று கேட்டார். "மியூசிக் பிராக்டிஸ்மா" என்றேன். அவர் அதை நம்பவில்லை. புத்தூர் வந்ததும் கண்டக்டரை விசில் அடிக்க வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினார். மொத்த பஸ்ஸும் என்னைப் பார்த்தது. எலும்புக்குக் கட்டுப் போட நாலா பக்கமும் இருந்து ஜனங்கள் வந்து இறங்குகிற ஊராயிற்றே. அந்த அம்மா என் தோளைத் தட்டிச் சொன்னார்:

"வெக்கப்படாத எறங்கு நைனா. இங்க கட்டு போட்டு என் மச்சாண்டாருக்கு முதுகே நேராச்சு, உனுக்கு வெறும் விரலு."

கங்காதர நெல்லூரில் பிடித்துக்கொண்டது

காதுகுத்து. காலை பத்து மணிக்கு ப்ரோகிராம், லேப்டாப் கிடையாது. ஆனாலும் ரமணண்ணா என்னைக் கவனிப்பார் என்று தெரியும். அதனால் முன்னாடியே போய் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆம்ப் சத்தத்தைக் குறைத்து வைத்து விரலைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தேன். எங்களை புக் பண்ணிய தாய்மாமன் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார், "அரை மணி நேரமா ஒரே மாதிரி ஏறி எறங்கினு கீறியே, கிடாரு ரிப்பேரா?" நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ரமணண்ணா, போதும் நிறுத்து என்று கண்ணைக் காட்டினார். நிறுத்திவிட்டேன். என் தப்பு அதுதான்.

மேடையில் ஏர்கூலரை நேராக என் கைமேல் வைத்திருந்தார்கள். முதல் பாட்டே குத்துப்பாட்டு. இரண்டாவது சரணத்தில் சுண்டுவிரல் கொக்கி மாதிரி மடங்கி அப்படியே பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மோதிர விரலும் அதோடு போய்ச் சேர்ந்தது. வேர்த்து ஊற்றுகிறது, பாட்டோ நிற்கிற வழியாக இல்லை. மிச்ச ரெண்டு விரலை வைத்துக்கொண்டு கம்பிக்குக் கம்பி தாவி, பாதி நோட்டைச் சாப்பிட்டு, எப்படியோ கரை சேர்ந்தேன். ரமணண்ணா என் பக்கம் திரும்பாமலே அடுத்த பாட்டுக்குக் கை காட்டினார். திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். தாய்மாமன்தான் மேடையோரம் வந்து, ரொம்பப் பரிதாபமாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நா அப்பவே சொல்லல, கிடாரு ரிப்பேர்னு?"

பல்பு

டிக்கோடு சரியாக வாசிக்கிறோமா என்று எப்படித் தெரியும்? டிக் கேட்காது. நம் நோட்டு அதன்மேல் சரியாக உட்கார்ந்தால் அதை விழுங்கிவிடும். முன்னே போனாலும் பின்னே போனாலும்தான் அது தனியாகத் தலையை நீட்டும். காலையில் வாசித்தால் பத்துக்கு எட்டை விழுங்கினேன். சாயங்காலம் உட்கார்ந்தால் மட்டும் ஒவ்வொரு டிக்கும் மண்டையில் குட்டியது. எனக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். பயமாக இருந்தது. பேஸைத் தவிர எனக்கு உருப்படியாக எதுவும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி லீவு. கோமளா பல்பு வெளிச்சத்தில் தறிமேல் சாய்ந்து அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வாசித்து, தடுமாறி, கிடாரைத் தரையில் வைத்தேன். அவள் நூலைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னொரு தரம் வாசி" என்றாள். வாசித்தேன். நன்றாகப் போனது. திடீரென்று டிக் முன்னால் ஓடியது. நிமிர்ந்தால் அவள் சுவரோரம் நிற்கிறாள், கை தண்ணி மோட்டார் சுவிட்சில். மோட்டாரை அணைத்தாள், நான் சரியானேன். மறுபடி போட்டாள், மறுபடி பின்னால் போனேன்.

"மோட்டார் போட்டா பல்பு மங்குது. பல்பு மங்கினா உன் கை எறங்குது" என்றாள். பதினாலு வயசில் என் நைனாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துப் பழகியவன் நான். எனக்கு மெட்ரோனோம் எது? தறி அடிக்கிற அடிதான். சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கும், பல்பு மங்கும், தறி மெதுவாகும், கூடவே நானும் மெதுவாவேன். இப்போது தறி நின்றாலும் கை பல்பைப் பார்த்தே இறங்குகிறது. சித்தூரில் கீழே டைலர் இஸ்திரிப் பெட்டியைப் போடும்போதெல்லாம் மேலே பல்பு மங்குமே! நான் பாவம் டிக்கைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கோமளா மறுபடி நூலை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"இத்தினி வருசமா உனுக்கு தாளம் போட்டுக்கினு இருந்தது இந்த பல்புதான்யா."

தெருவில் ஓடிய தண்ணீர்

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தால் பிரச்சினை இல்லை, அதையும் பார்த்தேன். ஆனால் மேடையில் கண்ணை மூட முடியாது. சரணத்தைத் திருப்பிப் பாடுவதா, முடிப்பதா என்று ரமணண்ணா கையால்தான் காட்டுவார். கண்ணைத் திறந்தபடியே பழக வேண்டும். மிச்சம் பதினோரு நாள்.

தினமும் காலையும் சாயங்காலமும் இருபது நிமிஷம் விரல் சூடு, அப்புறம் டிக். கோமளா சொல்லாமல் கொள்ளாமல் மோட்டாரைப் போடுவாள், அணைப்பாள். நடுவில் எனக்கு வெறி பிடித்து, "சும்மா இருடி கொஞ்ச நேரம்" என்று கத்திவிட்டேன். அவள் மோட்டாரைப் போட்டாள். ஆறாவது நாள் பல்பு மங்கும்போது கை லேசாகத் தயங்கியது, ஆனால் இறங்கவில்லை. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், டிக்கே காணோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் சுவிட்சை மறந்து நின்றுவிட்டாள். வாசலில் எதிர்வீட்டு அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்:

"டேங்கு நெறஞ்சி ரோடெல்லாம் தண்ணி ஓடிக்கினு கீது, புருசனும் பொண்டாட்டியும் உள்ள கச்சேரியா நடத்துறீங்க?"

திருப்பதி

மண்டபத்தில் ஏசி. நான் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தேன், பிறகு ஜமுக்காளம் அடுக்கிய ரூமில் உட்கார்ந்து இருபது நிமிஷம் விரலைச் சூடுபண்ணினேன். யார் கேட்டாலும் நிறுத்துவதில்லை என்று முடிவு. யாரும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது ரமணண்ணா, சவுண்ட் போர்டில் உட்காரும் ஷபீர் பாயின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. விழா ஏற்பாட்டுக்காரர் வந்து, "அஞ்சாவது பாட்டுல பொண்ணு மாப்ள என்ட்ரி. ஹால் லைட்டெல்லாம் டிம் பண்ணிடுவோம்" என்றார். நான் கையை மறுபடி அக்குளுக்குள் செருகினேன்.

நாலு பாட்டு போனது. அஞ்சாவது தொடங்கியது, விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின. அந்த நொடியில் கை என்னைக் கேட்காமல் பின்னால் சாயப் பார்த்தது, நிஜமாகவே தோளில் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். ரமணண்ணாவின் கையைப் பார்த்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. காதில் டிக் இல்லை. இயர்போன் கழன்றுவிட்டதோ என்று பயந்து வேண்டுமென்றே ஒரு நோட்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன், டிக் அங்கேதான் இருந்தது. மறுபடி விழுங்கினேன். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்வரை அப்படியே போனது, விளக்கு வந்தது, ஜனங்கள் கை தட்டினார்கள்.

முடிந்ததும் ரமணண்ணா சந்தோஷமாக வந்து என் தோளில் கை போட்டார். "தாமு, தப்பா நெனைக்காத. நீ பயந்துடுவேன்னு உன்கிட்ட சொல்லாம, உன் கிடார் வெளிய கேக்காத மாதிரி லைன மூடிட்டு லேப்டாப் பேஸ போட சொல்லிட்டேன் ஷபீர்கிட்ட. என்ட்ரி பாட்டுல பாத்தியா, எவ்ளோ கரெக்டா நின்னுது" என்றார். நான் கிடாரைத் துடைப்பது மாதிரி குனிந்துகொண்டேன். ஒரு மாதம் பாடுபட்டு, ஒரு நோட்டுகூட வெளியே கேட்காமல் வாசித்திருக்கிறேன்.

ஷபீர் பாய் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "ரெண்டு பாட்டு ஹெட்போன்ல ரெண்டு பேஸையும் சேத்து கேட்டேண்ணா. ஒண்ணாவே இருந்துது. சந்தேகத்துக்கு மூணாவது பாட்டுல லேப்டாப் பேஸ மூடிட்டு இவரு லைன தெறந்தேன். அதுக்கப்புறம் மாத்தவே இல்ல. என்ட்ரில நீங்க கேட்டது இவரு கை" என்றார். ரமணண்ணா லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பை மூடி ஷபீர் பாயிடம் கொடுத்துச் சொன்னார்:

"சரே, அப்ப அந்த லேப்டாப் பேஸ அழிச்சிடு. ரெண்டு பேரு எதுக்கு?"

ஆகவே என் இனத்தாரே, காலையும் மாலையும் விரலைச் சூடுபண்ணி, டிக்கை விழுங்கி, கைக்கு எவ்வளவு புத்தி சொன்னாலும், நமக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு நம்மை ஒருவர் மெஷின் என்று தப்பாக நினைத்துவிடுவதுதான்.