பால்குடம் எடுத்த மறுநாள்

எனக்குச் சர்க்கரை உண்டு. என் அக்காவுக்கும் இருந்தது. அது அவள் சிறுநீரகத்தைத் தின்று, கடைசியில் டயாலிசிஸ் கட்டிலில் படுக்கவைத்தது. அதனால் டாக்டரம்மா சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொன்னதும் நான் முதலில் ஓடியது அம்மனிடம். கிட்னியைக் காப்பாற்று தாயே, பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

எடுத்தேன். மண்ணூர்பேட்டையிலிருந்து கோயில்வரை ஆடி வெயிலில், வெறுங்காலில், தண்ணீர்கூடக் குடிக்காமல். மறுநாள் காலையே டப்பாவில் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தேன். அருள் ஆறுவதற்குள் கொடுத்தால்தானே நல்லபடியாக வரும்?

புரதம் இரண்டு பிளஸ் என்று வந்தது. என் மருமகள் கோயம்புத்தூர்க்காரி, கம்ப்யூட்டர் வேலை. போனில் அதைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போனது.

"பிளஸ்ஸுன்னா நல்லதுதானே? பரிச்சைல வாங்கிருந்தா குதிப்பே."

"சும்மா இருங்க அத்தை."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அக்காவின் கை கண்ணுக்குள் வந்தது.

டாக்டரம்மா கேட்டார்: "முந்தின நாள் காய்ச்சல் ஏதாவது இருந்துச்சாம்மா?"

"அதெல்லாம் இல்ல. பால்குடம் தூக்கிகினு நடந்தேன். பச்சத்தண்ணி பல்லுல படல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உடம்பை இப்படி வருத்தினா நல்ல கிட்னியே கொஞ்சம் புரதத்தை விடும். ஒரு தடவை வந்ததை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரு வாரம் ஓய்வா இருந்துட்டு, காலைல எழுந்ததும் வர்ற முதல் சிறுநீரைக் கொடுங்க."

"கிட்னிக்கோசம்தான் டாக்டரம்மா வேண்டிகினதே!"

மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வேண்டுதலே உங்களை மாட்டி உட்ருச்சுங்களா அத்தை?"

அந்த வாரம் முழுக்க என்னை ஒரு சொம்பைக்கூடத் தூக்க விடவில்லை. "ரிமோட்டைத் தூக்கலாமாடி, புரதம் பூடுமா?" என்று கேட்டுக் கேட்டு அவளைக் கடுப்பேற்றினேன்.

இரண்டாவது தடவை புரதம் இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கென்று நுணுக்கமாகப் பார்க்கும் அல்புமின் டெஸ்டும் சரியாக இருந்தது. சர்க்கரையும் பிரஷரும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பைக் குறையுங்கள், வருஷா வருஷம் வாருங்கள் என்றார் டாக்டரம்மா.

"கருவாடு?"

அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஆட்டோவில் மருமகளிடம் சொன்னேன்: "அடுத்த ஆடிக்கும் எடுப்பேன். டெஸ்ட்டு குடுத்துட்டு எடுப்பேன்."

"எடுங்க. தண்ணி பாட்டிலோட நானும் கூட வர்றனுங்க."

"வெரதம்டி."

"அம்மன்கிட்ட நான் பேசிக்கறேன்."