கார்த்திகேசு அண்ணைக்கு எந்த மரம்?

செய்தி வந்தபோது நான் விறகு பிளந்து விற்கும் என் காலைக் கொட்டிலில் நின்று வழக்கம்போலப் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். கார்த்திகேசு அண்ணையின் தம்பி செல்லத்துரை சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தான். "என்னடா, அண்ணை இண்டைக்கு எந்த மரத்துக்குக் காவலாம்?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. விடியக் கிணற்றடியில் விழுந்தவர் எழும்பவில்லை என்றான். கையிலிருந்த கோடாலியை எங்கே வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. அதோடுதான் இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் பாட்டெல்லாம் வாத்தியார் பார்த்துக்கொள்வார், நீ உனக்குத் தெரிந்த அண்ணையை எழுது என்று சங்கத்துப் பெடியள் கேட்டதால் எழுதுகிறேன்.

அண்ணையை உரும்பிராயில் தெரியாதவர்கள் இல்லை. மாரிக்கு முன் ஊர்க் குளத்தில் முதல் மண்வெட்டி போடுகிறவர் அவர்தான். ஆளை வா என்று கூப்பிடமாட்டார். தனியாக வெட்டிக்கொண்டிருப்பார். பார்க்கிறவனுக்கு வெட்கம் வந்து தானாக இறங்குவான். நானும் அப்படி இறங்கினவன்தான். தெரு ஒழுங்கைகளில் இன்றைக்கு நாம் நிழலுக்கு ஒதுங்கும் மருதும் இலுப்பையும் அவர் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தவை. "உந்த மரம் காய்க்க நீங்கள் இருக்கமாட்டீங்கள் அண்ணை" என்று சீண்டினால், "நீ இருப்பாய்தானே, தின்" என்பார்.

ஒருமுறை சந்நிதிக் கோயிலுக்குப் போன இடத்தில், தொண்டைமானாற்றங்கரையில் பட்டினத்துத் துவக்குக்காரர் ஒருவர் பறவை சுடப் பதுங்கியிருந்தார். அண்ணை அவருக்குப் பக்கத்தில் போய் நின்று தேவாரம் பாடத் தொடங்கிவிட்டார். அண்ணையின் குரல் உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டால் பிள்ளையாரே இடம் மாறி இருப்பார், பறவை இருக்குமா? தண்ணீரெல்லாம் வெறுமையாகிவிட்டது. துவக்குக்காரர் உனக்கென்ன விசரோ என்று கத்தினார். அண்ணை கைகட்டிக்கொண்டு, "சந்நிதி எல்லை ஐயா. பாடாமல் போனால்தான் குற்றம்" என்றார். நான் நாங்கள் வந்த வண்டிலுக்குப் பின்னால் ஒளிந்துநின்று சிரித்தேன்.

ஆனால் எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது செத்த வீடுகள்தான். சுடலைக்கு விறகாக அந்தந்த வீட்டு வளவு மாமரத்தைத் தறிப்பது நம் வழக்கம். தறிக்கிறவன் நான். முன்பு வாசல் படலைக்குக் கிட்ட எது நிற்கிறதோ அதில் கோடாலியைப் போட்டுவிடுவோம். அழுகிற வீட்டில் யார் மரத்தைப் பார்ப்பது? அப்படி ஒரு வீட்டில் நன்றாகக் காய்த்த கறுத்தக் கொழும்பான் மாமரம் விழுந்தது. அதற்குப் பிறகு எந்தச் செத்த வீட்டிலும் எனக்கு முன்னால் அண்ணை நிற்பார். வளவைச் சுற்றி நடப்பார். ஒரு மரத்தடியில் நெடுநேரம் நிற்பார். பிறகு "இது" என்பார். அந்தியேட்டி கழிந்ததும் மரம் விழுந்த குழிக்குப் பக்கத்தில் நட ஒரு கன்றோடு வருவார். "மரங்களுக்கு எமன் நீங்கள்தான் அண்ணை" என்பேன். "நான் இல்லாட்டி நீ வளவு முழுக்க மொட்டை அடிச்சுப்போடுவாய்" என்பார்.

அன்றைக்கு அவருடைய வளவில் அவர் கிடந்தார். "இது" என்று சொல்ல ஆள் இல்லை.

மூன்று மாமரங்கள் நின்றன. பிடுங்கி முடிக்க முடியாதபடி காய்க்கும் ஒன்று. கிணற்றடிக்கு நிழல் தரும் ஒன்று. உள்ளே பொந்தாகக் கோறை விழுந்த கிழட்டு மரம் ஒன்று. அந்தக் கோறையில் கிளிகள் குடியிருந்தன. விறகுத் தட்டுப்பாடான இந்த யுத்தக் காலத்திலும் என் காலைக் கொட்டிலில் விறகு கிடக்கிறது, அதை ஏற்றி வருகிறேன் என்றேன். பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. சொந்த வளவில் ஒரு மரமும் விழாமல் அவரை அனுப்பினால் ஊர் என்ன கதைக்கும் என்றார்கள். செல்லத்துரை கிழட்டு மரத்தைக் காட்டினான். பிறகு கிளிகளைப் பார்த்துத் தானே கையை இறக்கினான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பறை அடிக்கிறவர்கள் ஓய்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணையோடை இவ்வளவு காலம் திரிஞ்சனீ. சொல்லன்" என்றான் செல்லத்துரை.

திரிந்தேன்தான். எதைப் பார்த்து "இது" என்கிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. பகிடி விடவே நேரம் போதவில்லை. அவர் மாதிரியே வளவைச் சுற்றினேன். அவர் மாதிரியே நின்றேன். ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் கிணற்றடி மரத்தில் கைவைத்து "இது" என்றேன். என் குரல் எனக்கே யாரோ கதைப்பது போல இருந்தது. அதைத் தறித்துத்தான் அண்ணையை அனுப்பினோம்.

சாம்பல் அள்ளிக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், அவர் மனைவி நாகம்மா அக்கா உச்சி வெயிலில், நிழலில்லாத கிணற்றடியில், முக்காடு போட்டுத் தண்ணீர் அள்ளுகிறா.

"அக்கா, நான் பிழையான மரத்தைத் தறிச்சுப்போட்டனோ? அண்ணை எண்டால் எதைச் சொல்லியிருப்பார்?"

அக்கா வாளியைக் கீழே வைத்தா.

"அவருக்கென்ன தெரியும்? ஒவ்வொரு செத்த வீட்டாலையும் வந்து முழுகிப்போட்டுச் சோத்துக்கு முன்னாலை இருப்பார். சோறு இறங்காது. 'பிழைச்சுப் போனனோ நாகம்மா, மற்றதைச் சொல்லியிருக்க வேணுமோ' எண்டு என்னைத்தான் கேப்பார். எனக்கென்ன தெரியும்? ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும், சொல்லிப்போட்டியள், சாப்பிடுங்கோ எண்டுவன்."

பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீயும் சாப்பிடேல்லைப் போலை கிடக்கு. வா" என்றா.

நான் அந்த மனுஷனை எமன் என்று சொல்லிச் சிரித்தவன். அவர் நிமிர்ந்து நின்று "இது" என்றபோதெல்லாம் எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்தவன். கிணற்றடி மரம் சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கும் தெரிந்திராது என்பது ஆறுதலா, அல்லது இன்னும் பெரிய குழப்பமா என்றும் தெரியவில்லை.

அண்ணை விட்டுப்போனதில் குளமும் ஒழுங்கை மரங்களும் ஊருக்கு. தொண்டைமானாற்றுப் பறவைகள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டன. இனி ஒரு வீட்டில் பறை கேட்டால் நான் கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு முதலில் வளவைச் சுற்றுவேன். தெரியாமலே நின்று, தெரியாமலே சொல்லுவேன். அண்ணையிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவருக்குச் சோறு இறங்காத அந்தப் பொழுதுகளைத்தான்.