மூட்டை கட்டாத தெரு

பெங்களூரு ஹெப்பாள் பஸ் நிறுத்தத்தில், இறந்துபோன சபாநாயகருக்கு அஞ்சலி போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாப் பசை வாசனை என்னை எங்கள் பழைய குடிசைக்கு இழுத்துப் போனது.

அவர் முதன்முதலில் எம்.எல்.ஏ.வுக்கு நின்றபோது, அப்பா எங்கள் சோற்றுப் பானையில்தான் பசை காய்ச்சினார். "இனி சோத்த எதுல வடிக்கறது?" என்று அம்மா திட்டினாள்.

அவர் மந்திரியான பிறகு, எங்கள் தெருக் குடிசைகளை இடிக்க நோட்டீஸ் வந்தது. அப்பா எலுமிச்சம்பழத்தோடு போய்ப் பார்த்தார். "நான் இருக்கேன்ல, போப்பா" என்று அந்தக் கன்னடக்கார மந்திரி தமிழிலேயே சொன்னாராம். அந்த நம்பிக்கையில், யாரும் மூட்டை கட்ட வேண்டாம் என்று அப்பா வீடுவீடாகச் சொன்னார்.

மறுநாள் காலை புல்டோசர் குடிசைகளைச் சாமான்களோடு சேர்த்து இடித்தது. "உன் மந்திரியக் கூப்புடுய்யா!" என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தினாள். அப்பா சாகும்வரை அந்தத் தெருக்காரர் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரொம்ப நல்ல மனுஷர், இல்லக்கா?" என்றார் போஸ்டர் ஒட்டியவர்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.