பக்க எண் இல்லாத பெருச்சாளிக் கதைகள்

பழைய காகிதத்தைப் பாதுகாக்கிற வேலை என்றால் பாதி நாள் தும்மல், மீதி நாள் அந்தத் தும்மல் காகிதத்தின் மேல் விழாமல் அடக்குவது. திருச்சியில் ஒரு நூலகத்தின் அரிய சேகரிப்புப் பிரிவில் எட்டு மாதமாக இதைத்தான் செய்கிறேன். ப்ளஸ் டூ முடித்ததும், இனி எந்த கிளாஸிலும் உட்கார மாட்டேன் என்று ஸ்ரீரங்கத்தில் வீடே அதிரச் சொன்னேன். இங்கே தினமும் எட்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். மாஸ்க்குக்குள் மூக்கு அரித்தும் கை வைக்க முடியாமல் தவித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே கட்சி.

எலி படித்தது போதும்

சமயபுரத்திலிருந்து ஒருத்தர் மொபெட்டில் ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே பதினோரு படக்கதைகள். இறந்துபோன அவருடைய அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில், யாரோ ஒரு தொழிலாளி ரகசியமாக வரைந்து, சைக்ளோஸ்டைல் மெஷினில் பிரதி எடுத்து, சாப்பாட்டு கேரியரின் அடித்தட்டில் ஒளித்துக் கைமாற்றியவை. கதாநாயகன் ஒரு பெருச்சாளி. காக்கி பேண்ட், கழுத்தில் விசில். அந்தக் காலத்து ஃபோர்மேன்தான் அது. வரைந்தவர் பேர் இல்லை. பக்க எண்ணும் இல்லை. ஒரு பக்கம் மாட்டினால் மொத்தம் எத்தனை என்று நிர்வாகத்துக்குத் தெரியக் கூடாதாம்.

எனக்குப் படம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் முதலாளி வரும்போது மட்டும் அந்தப் பெருச்சாளியின் வால் காலுக்கு நடுவில் போய்விடும். ஒரே கோடு. ஸ்டென்சில் என்கிற மெழுகுத்தாளில் ஊசியால் கீறிய கோடு, தப்பினால் மறுபடி முதலிலிருந்து கீற வேண்டும். நூலகம் என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெட்டியைக் கொடுத்துவிட்டு அவர் சொன்னது: "பரண்ல இருந்தவரைக்கும் எலிதாங்க படிச்சுது. இனிமே மனுசங்க படிக்கட்டும்."

ஃபேன் போட்டது யார்?

துருப்பிடித்த ஸ்டேப்லர் பின்னைக் கழற்றும் முன், ஒவ்வொரு பக்கத்தின் பின்பக்க மூலையிலும் பென்சிலால் லேசாக எண் போட வேண்டும். அது விதி. பதினோரு கதைக்கும் யார் எண் போடுவது என்று, எல்லாப் பின்னையும் ஒரே மூச்சில் பிடுங்கினேன். புழுக்கம் தாங்கவில்லை, ஃபேனைப் போட்டேன். அவ்வளவுதான். எழுபது சொச்சம் பக்கமும் தரையில்.

பொறுக்கி எடுத்து, கதை இப்படித்தான் போகும் என்று நானே அடுக்கினேன். ஒரு கதையில் ஒரு தொழிலாளி கேரியரைத் திறந்த கையோடு மெஷினைப் பார்க்க ஓடுகிறார். பெருச்சாளி அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. அதோடு அந்தக் கதையை முடித்தேன். பெருச்சாளிதானே, திருடத்தான் செய்யும். பக்கத்து மேஜையில் ஸ்கேன் எடுக்கிற ஜமால் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "ஃபேன் அது வேலையைச் செஞ்சுது. நீ செஞ்சியா?"

தில்லை நகரிலிருந்து ஃபோன்

அந்த ஃபோர்மேன் உயிரோடு இல்லை. அவர் மகள் தில்லை நகரில் டாக்டர். பெருச்சாளி யார் என்று பழைய ஆட்களுக்கெல்லாம் தெரியும் என்பதால், வெளியே காட்டும் முன் எங்கள் நூலகர் கலா மேடம் அவரிடம் சம்மதம் கேட்டிருந்தார். வியாழக்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாக ஃபோன் வந்தது. அவர் முடியாது என்றால் பெட்டி சீல் வைத்து அலமாரிக்குள் போய்விடும்.

என் கவலை வேறு. நான் அடுக்கியிருந்த வரிசையில் அவர் அப்பா ஒரு சோற்றுத் திருடர். வரைந்தவரே அப்படி வரைந்திருந்தால் அது அவர் பாடு. என் அவசரத்தால் ஆகியிருந்தால்? மேடத்திடம் போய், "நான்தான் கலைச்சேன். குத்துமதிப்பா அடுக்கியிருக்கேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உண்மையைச் சொன்னதுக்குத் திட்ட மாட்டேன். கலைச்சதுக்குத் திட்டுவேன். உட்காரு."

துரு சொன்ன வரிசை

திட்டு வாங்கி முடித்ததும் பக்கங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தேன். பின் குத்தியிருந்த இடத்தில் எல்லாம் பழுப்புக் கறை. ஒட்டிக் கிடந்த பக்கங்களில் கறையின் வடிவம் ஒன்றுபோல இருந்தது. ஒன்றில் கிளிமூக்கு என்றால் அதைத் தொட்டிருந்ததிலும் கிளிமூக்கு. ஒவ்வொரு கதையிலும் பின்னின் கால் மடங்கிய கடைசிப் பக்கத்தில் மட்டும் இரண்டு கோடு அழுத்தமாக. செவ்வாய், புதன் இரண்டு நாளும் கறைக்குக் கறை ஜோடி சேர்த்தேன். கண் எரிந்தது.

வேறொரு கதைக்கு நடுவில் நான் செருகியிருந்த ஒரு பக்கத்தில் அந்த இரண்டு கோடும் இருந்தன. கறை கேரியர் கதையோடு பொருந்தியது. அதில் பெருச்சாளி கேரியரைச் சூடு பண்ணித் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறது. ஆவி பறக்கிறது. மேல் தட்டில் புதிதாக, நாலாக மடித்த ஒரு ஆம்லெட். பெருச்சாளியின் சொந்த டப்பா காலி. ஒரு வார்த்தை வசனம் இல்லை. பத்துக் கதையில் ஒருத்தரை நாறடித்த அதே கை, ஒன்றில் மட்டும் அவர் செய்த நல்லதையும் மறைக்காமல் வரைந்திருக்கிறது. எனக்கு அந்த மனசு வந்திருக்காது, சத்தியமாக. எட்டிப் பார்த்த ஜமால் அண்ணன் சொன்னார்: "அது திருடலம்மா. திருடனாக்கினது நீ."

நாலாக மடித்தது

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். பதினொன்றையும் படித்தார். வால் மடங்கும் இடத்தில் உதட்டைக் கடித்தார். சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. கலா மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "கோபமா டாக்டர்?" என்று கேட்டே விட்டேன்.

"இருக்காதா? எங்கப்பாம்மா அது" என்றார். பிறகு அந்த ஆம்லெட் பக்கத்துக்கே திரும்பிப் போய் வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது பேனாவைக் கேட்டு வாங்கி, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "எங்கம்மா ஆம்லெட்டை இப்படித்தான் நாலா மடிச்சு வச்சு அனுப்புவாங்க. இதக்கூட விடாம பார்த்து வரைஞ்சிருக்காரே மனுசன்! எல்லாருக்கும் காட்டுங்க. தொப்பை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

பன்னிரண்டு வருசம் டீச்சர்கள் மாறி மாறி முயன்றும் எனக்குள் ஏறாத பொறுமையை ஒரு பெருச்சாளி இரண்டே நாளில் ஏற்றிவிட்டது, அதுவும் பாதிதான்.